அறுந்துபோக வேண்டாம் ஆண்டவரே, கரையட்டும்

என் மகளுக்கு மூச்சு வாங்கியது.

ஓடி ஆடி மூச்சு வாங்கினால் நான் ஏன் பயப்படப் போகிறேன்? அவள் கபடி ஆடுகிறவள். எதிர் அணியின் கட்டத்துக்குள் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே போய், ஆட்களைத் தொட்டுவிட்டு, பிடித்த மூச்சை விடாமல் கோட்டுக்குத் திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவள் கட்டிலில் சும்மா உட்கார்ந்துகொண்டு, "அம்மா" என்று சொல்லி, அடுத்த வார்த்தைக்கு மூச்சு போதாமல் என் முகத்தையே பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. அந்த முகம் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

என்னோடு ஒரே ஆண்டவரை நம்புகிற அக்கா தங்கச்சிமாரே, ஐயாமாரே, அந்த நாளில் இருந்துதான் இந்தச் சாட்சி தொடங்குகிறது. எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனாலும் இதை வேறு யாரும் எழுத நான் விடவில்லை. பட்டது நான். சொல்ல வேண்டியதும் நான்.

சின்னமனூர் மார்க்கெட்டில் இலைக்கடை ரத்தினபாய் என்றால் தெரியாதவர் கிடையாது. வாழை இலையைத் தோப்பில் அறுத்து, அடுக்கி, நார் போட்டுக் கட்டி அனுப்புவது என் தொழில். என் கட்டு வழியில் அவிழ்ந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகும் கடையை நான் மூடவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு, என் நாற்பதாவது வயதில் கர்த்தர் கொடுத்தவள் பியூலா. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கபடி அணியில் பாடிப் போவதில் அவள்தான் முதல் ஆள். பெண்பிள்ளையைக் கால்சட்டை போட்டு ஆட விடுகிறாளே என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். அவள் வாங்கிவந்த கோப்பைகளைக் கடையில் தராசுக்குப் பக்கத்தில்தான் வைத்தேன். எல்லோரும் பார்க்கட்டுமே.

போன ஆடி மாதம் தேவாரம் ஊரில் ஒரு போட்டி. எதிர் அணிப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து பிடித்ததில் கணுக்கால் மடங்கி, எலும்பில் கீறல் விட்டுவிட்டது. மாவுக்கட்டு போட்டார்கள். அவள் காலை நீட்டிப் படுத்தே கிடந்தாள். ஆவணி பிறந்ததும் கட்டைப் பிரித்தார்கள். அது ஓணத்துக்குக் கேரளாவுக்கு இலை ஏற்றுகிற நேரம். மலையாளத்து வியாபாரி வண்டியோடு வாசலில் நிற்கிறார். எனக்கு உட்கார நேரம் இல்லை.

கட்டுப் பிரித்த சில நாளில் கெண்டைக்கால் வீங்கியது. ஒரு கால் மட்டும். தொட்டால் சூடு.

"என்னத்தா இது, இப்படி வீங்கிக் கெடக்கு?"

"கட்டு அவுத்ததுலயிருந்து நல்லா நடக்குறேன்லம்மா. அதுல ரத்தக்கட்டா இருக்கும். நாங்க பாக்காத ரத்தக்கட்டா?"

அது உண்மைதான். கபடி ஆடுகிற பிள்ளைகளுக்கு ரத்தக்கட்டு என்பது நமக்கு வேர்வை மாதிரி. முழங்கையில், தொடையில், இடுப்பில் நீலமாகக் கன்றிப்போய் வருவார்கள். புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சி நான் பற்றுப் போடுவேன். மறுநாள் எண்ணெய் தடவி அழுத்தி உருவி விடுவேன். அந்த அணியில் என் கை படாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. "ஆத்தா கை வச்சா கட்டு பறந்துரும்" என்று சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு.

பற்றுப் போட்டேன். வீக்கம் வடியவில்லை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் வண்டிக்கு இலை ஏற்றிவிட்டு, அவளை உருவி விடலாம் என்று நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் காலை என் மடியில் தூக்கி வைத்தேன். கையில் எண்ணெய் ஊற்றினேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த உடம்பில் கை வைத்தாலும் முதலில் கண்ணை மூடி ஜெபிப்பேன். அன்றைக்கு வேலை கிடந்த கிடையில் அதைச் சுருக்கமாக முடித்திருக்கலாம். ஏனோ முடியவில்லை. ஜெபம் நீண்டுகொண்டே போனது. வாயிலிருந்து வார்த்தை வந்துகொண்டே இருந்தது. கையில் இருந்த எண்ணெய் ஆறிப்போனது. நான் ஆமென் சொல்வதற்கு முன்னால்தான் அவள், "அம்மா" என்றாள். அதற்கு மேல் மூச்சு இல்லை.

எண்ணெய்க் கையோடு தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக் காரில் தேனிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு சின்னச் சின்னதாக மூச்சு எடுத்தாள். கோழிக்குஞ்சு கையில் இருந்தால் துடிக்குமே, அப்படித் துடித்தது நெஞ்சு. நான் ஜெபிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். "ஏசப்பா, ஏசப்பா" என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். காலில் ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சிலும் எடுத்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸ் பிள்ளை வேகமாகப் போனது. அதன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எம் மகளுக்கு என்னத்தா?"

"கால்ல ரத்தக்கட்டும்மா. டாக்டரம்மா வந்து சொல்வாக."

ரத்தக்கட்டு! எனக்கு உயிர் திரும்பி வந்தது. ரத்தக்கட்டுதானா? இதற்கா இவ்வளவு பயந்தேன்? எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. உடனே எங்கள் சபையின் ஞானம்மா அக்காவுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் பெண்கள் கோயிலில் கூடி உபவாச ஜெபம் செய்வார்கள். அக்காதான் அதை நடத்துவது.

"அக்கா, ரத்தக்கட்டுதானாம். அந்தக் கட்டு அறுந்து போகணும்னு எல்லாரும் சேந்து ஜெபிங்க."

"கட்டுகளை அறுக்குறவரு நம்ம ஆண்டவரு. நீ தைரியமா இரு. இப்பவே மொழங்கால் போடுறோம்" என்றார் அக்கா. அவர் போனை அணைத்து வைத்துவிட்டு ஜெபத்துக்குப் போயிருப்பார். அதுதான் அங்கே வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தார். வயது கம்மிதான். ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"காலை யாராச்சும் தேச்சீகளா? உருவி விட்டீகளா?"

"இல்லம்மா. எண்ணெய் எடுத்தேன். உருவுறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு."

"நல்ல வேளை" என்றார். சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அது நல்ல சேதி இல்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இது நீங்க நெனைக்கிற ரத்தக்கட்டு இல்ல. அடிபட்டுக் கன்னிப்போறது தோலுக்கு அடியில. இது ரத்தம் ஓடுற குழாய்க்குள்ளயே கட்டியா ஒறஞ்சு நிக்குது. வாய்க்கால் மடையில சகதி அடைச்சுக்கிட்ட மாதிரி. காலை அசைக்காமப் படுத்தே கெடந்தாகள்ல, அதுல வந்தது."

"அப்ப அது அறுந்து போயிருச்சுன்னா சரியாயிரும்லம்மா?"

"ஐயோ, அறுந்து போகவே கூடாதும்மா!" என்று அவர் என் கையைப் பிடித்தார். "ஏற்கனவே சின்னத் துண்டு ஒண்ணு அறுந்து நெஞ்சுக்குப் போயிருச்சு. அதான் மூச்சு வாங்குது. இன்னும் பெரிய துண்டா பேந்து போச்சுன்னா..." அவர் அதை முடிக்கவில்லை. "அது இருக்குற எடத்துலயே இருக்கணும். மருந்துக்கு மெல்ல மெல்லக் கரையணும். அவ்வளவுதான்."

எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. என் மகளுக்காக மட்டும் இல்லை. அந்த நேரத்தில் சின்னமனூரில் ஒரு கோயில் நிறையப் பெண்கள் முழங்காலில் நின்று என்ன கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள்? அறுந்து போகட்டும் என்று கேட்கிறார்கள்! நான்தான் கேட்கச் சொன்னேன்! கேட்டதைக் கொடுக்கிறவர் கர்த்தர் என்று இத்தனை வருஷம் நான் சாட்சி சொல்லியிருக்கிறேனே. இதையும் கொடுத்துவிட்டால்?

அக்காவுக்குப் போன் போட்டேன். அணைந்து கிடந்தது. அந்தப் பெண்களில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் தேவதாஸ் நினைவு வந்தது. கோயிலைக் கூட்டி, மணி அடிக்கிற கோயில்பிள்ளை அவன். அவன் மட்டும் போனை அணைக்க மாட்டான்.

"ஏய்யா தேவதாசு, ஓடு. உள்ள போயி ஜெபத்தை நிறுத்தச் சொல்லு."

"ஜெபத்தை நிறுத்தவா? யாரு, ரத்தினக்கா தான பேசுறது?"

"நாந்தான்யா. கட்டு அறுந்து போகட்டும்னு சொல்லக் கூடாதாம். அறுந்தா புள்ள செத்துரும்."

"அங்கன எல்லாரும் கண்ணீர் விட்டு அதைத்தானக்கா கேட்டுக்கிட்டு இருக்காக!"

"அதனாலதான்யா ஓடச் சொல்றேன்!"

அவன் போனைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறான். செருப்புச் சத்தம் கேட்டது. கதவுச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பெண்கள், எனக்குத் தெரிந்த ஒவ்வொரு குரலும், "அறுந்து போகட்டும் ஆண்டவரே, அறுந்து போகட்டும்" என்று கதறினார்கள். அன்பாகத்தான் கதறினார்கள். எனக்கோ ஒவ்வொரு வார்த்தையும் என் பிள்ளையின் காலில் அரிவாளால் போடுகிற மாதிரி இருந்தது. பெஞ்சில் இருந்து எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சட்டென்று அங்கே அமைதியானது. ஞானம்மா அக்கா போனை வாங்கினார்.

"என்னடி ரத்தினம்? இந்தப் பய பைத்தியம் மாதிரி வந்து கத்துறான்."

நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அழுது அழுது சொன்னேன்.

"சரி, அப்ப என்ன சொல்லி ஜெபிக்க?"

"கரையட்டும்னு சொல்லுங்கக்கா. இருக்குற எடத்துலயே இருந்து மெல்ல மெல்லக் கரையட்டும்னு."

"இம்புட்டு நேரம் சொன்னது?"

"அதைத் திருப்பி எடுத்துக்கிட்டோம்னு சொல்லுங்க."

அக்கா அதட்டினார். "அடி கூறு கெட்டவளே, நீயும் நானும் வாய் தவறிக் கேட்டதையெல்லாம் அவரு அப்படியப்படியே குடுத்திருந்தாருன்னா இன்னைக்கு நம்ம ரெண்டு வீட்டுலயும் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாக. அவரு வார்த்தையவா பாக்குறாரு? ஓன் பெத்த வயித்தைப் பாக்குறாரு. போ, போயி புள்ள பக்கத்துல நில்லு."

"சரிக்கா. ஆனாலும் கரையட்டும்னே சொல்லுங்க."

"சொல்றோம்டி, சொல்றோம்."

அவர் சொன்னது எனக்கு அன்றைக்குப் பாதிதான் ஏறியது. பயம் அவ்வளவு இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுவதும் நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வயிற்றில் ஊசி போடுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் சக்கரம் இடித்துக் குலுங்கினால், "மெதுவா, மெதுவா!" என்று நான் கத்துவேன். அவள் தும்மினால் எனக்குத் தூக்கிப் போடும். சிரித்தால்கூடப் பயம். அந்தக் கட்டி ஒரு மெல்லிய நாரில் தொங்கிக்கொண்டு இருப்பதாகவும், ஒரு அசைவில் அறுந்துவிடும் என்றும் என் மனதுக்குள் ஒரு படம் வந்துவிட்டது. என் வாயில் ஒரே ஒரு ஜெபம்தான் இருந்தது. சாப்பிடும்போதும் அதுதான், முகம் கழுவும்போதும் அதுதான். அறுந்துபோக வேண்டாம் ஆண்டவரே, கரையட்டும்.

மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. முதல் நாள் ஒரு வார்த்தை பேசினவள், பிறகு ஒரு வரி பேசினாள். ஒரு காலையில் கண்ணை விழித்ததும், "எம்மா, ஓன் மூஞ்சியப் பாத்தா எனக்கு இல்லாத வியாதியும் வந்துரும். போயி டீ குடிச்சுட்டு வா" என்றாள். முழுசாக, ஒரே மூச்சில் சொன்னாள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரைத் துதித்தேன்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் பயம் எங்களோடே வண்டி ஏறி வந்தது. இப்போது அது திசை மாறிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். முன்பு உறைந்துவிடுமோ என்று பயம். இப்போது நிற்காமல் ஒழுகிவிடுமோ என்று பயம். பல் விளக்கும்போது ஈறில் சிவப்பாகத் தெரிந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். இலை அறுக்கிற அரிவாளை அவள் கண்ணில் படாமல் பரணில் போட்டேன். தலையில் அடிபட்டால் உள்ளுக்குள்ளேயே கசியும், அதனால் மாத்திரை நிறுத்தும் வரைக்கும் மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடக்கலாம், ஆனால் ஆடக் கூடாது.

அவளும் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து இலைக்கட்டுக்கு நார் போடுவாள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "போதும் ரத்தினம், ஆண்டவரே ஒரு நிப்பாட்டுப் போட்டுட்டாரு. சட்டுனு ஒரு கல்யாணத்தை முடிச்சு விடு" என்பார்கள். அவள் தலை நிமிராமல் நாரைக் கிழிப்பாள். சாயங்காலம் அணிப் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிறபோது கடை வழியாகப் போவார்கள். "ஏலே பியூலா, நீ இல்லாம நாங்க பாடிப் போனா, பாட்டு ஒப்பாரி மாதிரி இருக்குடி" என்று கேலி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். அவர்கள் முக்குத் திரும்பியதும் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியாது.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஏனென்றால், ஆடாவிட்டால் உயிரோடு இருப்பாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மாசி மாதம் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். அன்றைக்குக் காலையில் நான் புதிதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆண்டவரே, கட்டு கரைந்திருக்கட்டும், ஆனால் இனிமேல் ஆடவே கூடாது என்று டாக்டரம்மா வாயில் வையும்.

முதல் பாதி கேட்கப்பட்டது. டாக்டரம்மா படத்தைக் காட்டி, "பாருங்கம்மா, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. நெஞ்சுலயும் ஒண்ணுமில்ல" என்றார். எனக்குக் கண் மறைத்தது. பியூலா மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டரம்மா, நான் ஆடலாமா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"மாத்திரைய இன்னையோட நிறுத்துறோம். ஒடம்புலயிருந்து அது போகட்டும். மொதல்ல ஓட்டம். அப்புறம் பிடிக்காம, தள்ளாம ஆடுற பயிற்சி. மூச்சு வாங்கல, கால் வீங்கலன்னா என்கிட்ட வந்து காட்டிட்டு மேட்ச் ஆடலாம். ஆட்டத்துல கீறல் விட்டது எலும்புதான். கட்டி வந்தது படுத்தே கெடந்ததால. ஆடுனதால இல்ல" என்றார். தூரப் பஸ் போனால் இடையில் எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், இனி எப்போதாவது மாவுக்கட்டு போட்டால் இப்படி ஒன்று வந்தது என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"டாக்டரம்மா ஆயிரம் சொல்வாக. நான் விட மாட்டேன்."

"ஏம்மா?"

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்று கேட்டாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. "படுத்தா பயமா இருக்கும்மா. கால் லேசா இழுத்தா பயமா இருக்கு. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினா, இது அந்த மூச்சா, சும்மா மூச்சான்னு நின்னு பாக்குறேன். நீ என்ன சொல்லி ஜெபிச்ச?"

"கரையட்டும்னு."

"கரைஞ்சிருச்சுல்ல? எங்கால்ல கரைஞ்சது ஓங்கிட்ட வந்து ஒறஞ்சு போச்சும்மா. இப்ப நீ என்னயக் கட்டிப் போடுற."

எனக்குப் பதில் சொல்லிப் பழக்கம். ஒருவர் சொல்லி நான் வாய் மூடினேன் என்று மார்க்கெட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கடைக்குப் போய், இலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். நான் கேட்டதற்கு மேலே கொடுத்தவரிடம், கொடுத்ததைப் பூட்டி வைக்கச் சாவி கேட்கிறேனே என்று தோன்றியது. அன்றைக்கு நான் ஜெபித்த ஜெபம் ரொம்பச் சின்னது. ஆண்டவரே, என் கட்டும் கரையட்டும்.

அது ஒரே நாளில் கரையவில்லை. அவள் ஓடத் தொடங்கியபோது நான் வரப்பில் நின்று பார்த்தேன். பயிற்சிக்குப் போனபோது தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தினமும் இரண்டு கெண்டைக்காலையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். "அம்மா, இலை வாங்குற மாதிரி பாக்காத" என்பாள். டாக்டரம்மா இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வைகாசியில் மார்க்கையன்கோட்டையில் போட்டி வைத்தார்கள். சாயங்கால வெயில். கயிற்றுக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார்.

"யாரு அந்தப் புள்ள, குதிர கணக்கா நிக்கிது?"

"எம் மக."

"அப்ப ஏன் நீங்க இப்படி வேர்த்துப் போயி உக்காந்திருக்கீக?"

நான் சிரித்தேன். சிரிப்பு வரவில்லை.

பியூலா கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனாள். "கபடி கபடி கபடி." அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம்! அவள் ஒரு பக்கம் போனாள், மறு பக்கம் வந்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது பின்னால் இருந்து ஒருத்தி அவள் காலைப் பிடித்தாள். அதே காலை. இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள். அப்புறம் எல்லோரும் மேலே விழுந்தார்கள். என் மகள் தெரியவில்லை. புழுதிதான் தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

அந்தக் குவியலுக்கு அடியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிசாக, நசுங்கி, ஆனால் விடாமல் வந்தது. "கபடி கபடி கபடி." நான் மூச்சு விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. புழுதிக்குள் இருந்து ஒரு கை நீண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டது. தொட்ட பிறகுதான் பாட்டை நிறுத்தினாள்.

சபையாரே, உதடு வெளுத்து ஒரு வார்த்தைக்கு மூச்சு இல்லாமல் என் முகத்தைப் பார்த்தவள் இவள். இத்தனை பேர் மேலே கிடந்தும் அவள் மூச்சு அறுபடவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "எதுக்குக்கா அழுறீக, ஓங்க புள்ளதான ஜெயிச்சிருக்கு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் குளித்துவிட்டுக் கைலியை ஏற்றிக் கட்டியபோது பார்த்தேன். தொடையில் உள்ளங்கை அளவுக்கு நீலம். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். அவர் வீடியோவில் காட்டச் சொல்லிப் பார்த்தார். கெண்டைக்காலைக் காட்டச் சொன்னார். மூச்சு எப்படி என்று கேட்டார். பிறகு சிரித்தார்.

"அம்மா, இது அந்தக் கட்டி இல்ல. நீங்க சொல்வீகள்ல, சாதாரண ரத்தக்கட்டு. அதுவேதான்."

நான் முழங்காலில் விழுந்தேன். ஒரு ரத்தக்கட்டுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்ன தாய் இந்தச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "எம்மா, பத்துப் போடுவியா, இல்ல ஜெபிச்சுக்கிட்டேதான் இருப்பியா?" என்று பியூலா கேட்டாள். பற்றுப் போட்டேன், டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். உருவி விடவில்லை. இப்போது யார் பிள்ளைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு உருவி விடுவதில்லை. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால், என்னிடம் வராதே, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று மைதானத்துக்கு மைதானம் சொல்லிக்கொண்டு வருகிறேன். கர்த்தர் என் கையைப் பிடித்து நிறுத்தியது அதற்கும் சேர்த்துத்தான் என்று நம்புகிறேன்.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அவள் உள்ளே பாடிப் போகிற ஒவ்வொரு தடவையும் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் பயந்துகொண்டே போய் உட்காருகிறேன். நீங்களும் அப்படியே வாருங்கள். பயம் தீர்ந்த பிறகு நம்பலாம் என்று காத்திருக்காதீர்கள். என்ன வார்த்தை சொல்லி ஜெபிப்பது என்று தெரியாவிட்டாலும் வாயைத் திறவுங்கள். தப்பான வார்த்தையைக் கேட்டு நாங்கள் ஒரு கோயில் நிறையக் கதறினோம். அவர் எங்கள் வார்த்தையைத் தள்ளிவிட்டு எங்கள் பிள்ளையை எடுத்துக் கொடுத்தார்.

அந்த நீலம் சில நாளில் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இருந்த இடத்திலேயே மெல்ல மெல்லக் கரைந்தது. தினமும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.